வெளிநாட்டு மாநாட்டுக்குக் குறுகிய கால விசா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டது என்ற மகிழ்ச்சி அடங்குவதற்குள் விசா கவலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதல்முறை வெளிநாட்டு மாநாட்டுக்குக் கிளம்பும் ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் தொண்டு நிறுவனப் பணியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), பிரிட்டன், அமெரிக்கா, கனடா பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதனால் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே. கட்டணமும் காலக்கெடுவும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கட்டுரை ஏற்கப்பட்டதாக இப்போதுதான் மின்னஞ்சல் வந்தது. விசா வேலையை எப்போது தொடங்கலாம்?

இன்றைக்கே. மாநாட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசி எல்லை, பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம், கூடுதலாக விசாரிக்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை. பிரிட்டனுக்கு அதிகபட்சம் மூன்று மாதம் முன்னதாகத்தான் விண்ணப்பிக்க முடியும். வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். இந்தக் கணக்கெல்லாம் விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தொடங்குவது. அதற்கு முன் விண்ணப்ப மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். அமெரிக்க நேர்முகத்துக்கு இடத்தையும் பருவத்தையும் பொறுத்துச் சில வாரமும் ஆகும், பல மாதமும் ஆகும்.

அதனால் மின்னஞ்சல் வந்த நாளிலேயே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஷெங்கனுக்கு அது கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். வேறு நாடுகளுக்கு ஆறு மாதம் மிச்சமிருந்தால் நிம்மதி. புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடியுங்கள். அன்றே அழைப்புக் கடிதம் கேட்டு மாநாட்டுக் குழுவுக்கும் எழுதிவிடுங்கள். பயண நிதி கிடைக்குமா என்று தெரியட்டும், பிறகு பார்க்கலாம் என்று உட்கார்ந்திருப்பவர்கள்தான் கடைசியில் நாள் போதாமல் தவிக்கிறார்கள்.

அழைப்புக் கடிதம் கையில் இருந்தால் விசா கிடைத்துவிடும்தானே?

இல்லை. இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனையோ நல்ல ஆய்வாளர்கள் பயணத்தை இழந்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்படி ஒரு மாநாடு நடக்கிறது, அதில் உங்களுக்கு இடம் இருக்கிறது என்பதை மட்டுமே அழைப்புக் கடிதம் காட்டும். விசா அதிகாரி தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. இந்த மனிதர் யார்? எதற்காகப் போகிறார்? செலவு யாருடையது? முடிந்ததும் திரும்பி வருவாரா? உங்கள் கட்டுரையின் தரத்தை அவர் எடைபோடுவதில்லை. அதற்கான படிப்பும் நேரமும் அவருக்கு இல்லை. ஒரு கோப்பைப் பார்க்கச் சில நிமிடங்களே கிடைக்கும் ஒருவருக்கு, படிவத்திலும் கடிதங்களிலும் வங்கிக் கணக்கிலும் தெரியும் மனிதர் ஒருவரேதானா என்பதுதான் கேள்வி.

அழைப்புக் கடிதம் நான்கு நாள் மாநாடு என்கிறது, விண்ணப்பத்தில் இருபது நாள் கேட்டிருக்கிறீர்கள், அலுவலக விடுப்புக் கடிதத்தில் பத்து நாள் இருக்கிறது என்று வையுங்கள். தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். சேர்த்து வைத்தால் சந்தேகம் வரும். கத்தை கத்தையாகக் காகிதம் சேர்ப்பதைவிட, இருக்கும் காகிதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதில் நேரம் செலவிடுங்கள். பெயர், தேதி, தொகை, முகவரி ஆகிய நான்கையும் எல்லாத் தாள்களிலும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். துறைக்கு வெளியே உள்ள நண்பர் ஒருவரிடம் முழுக் கோப்பையும் கொடுத்து, "இதைப் படித்தால் என் பயணம் உனக்குப் புரிகிறதா?" என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் அதிகாரியும் தடுமாறுவார்.

கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நீங்கள் பணிபுரியும் அல்லது படிக்கும் நிறுவனம். மாநாட்டின் பெயர், இடம், தேதிகள். நீங்கள் அங்கே செய்யப்போவது: கட்டுரை வாசிப்பா, போஸ்டரா, அமர்வுத் தலைமையா, வெறும் பார்வையாளரா? வாசிப்பதென்றால் கட்டுரைத் தலைப்பும் வேண்டும். எந்தெந்தச் செலவை அவர்கள் ஏற்கிறார்கள், எதை ஏற்கவில்லை என்பது. கையெழுத்திட்டவரின் பதவியும் தொடர்பு எண்ணும். இணையதளத்தில் பொத்தானை அழுத்தினால் வரும் பொதுவான கடிதத்தில் இவற்றில் பாதி இருக்காது. கூச்சப்படாமல் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

முதலெழுத்து விஷயத்தில் நம் பெயர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்திருக்கும், கட்டுரையில் வெறும் முதலெழுத்தாக இருக்கும். கட்டுரையில் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பதிவும் கடிதமும் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டின்படியே இருக்கட்டும்.

சில நாடுகளுக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்படும். பெரிய மாநாடுகள் கனடாவின் குடிவரவுத் துறையில் பதிவு செய்தால் அவற்றுக்கு ஒரு சிறப்புக் குறியீடு தரப்படும். அதை விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும் என்பதால் குழுவிடம் கேட்டு வாங்குங்கள். ஜப்பானுக்கு அழைப்பவர் தரப்பிலிருந்து அழைப்புக்கான காரணக் கடிதம், நாள்வாரிப் பயணத் திட்டம், சில நாட்டினருக்கு உத்தரவாதக் கடிதம் எல்லாம் வர வேண்டியிருக்கும். அவர்கள் தயாரித்து அனுப்ப நாளாகும்.

கடிதம் வேண்டுமென்றால் முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்கிறார்களே?

நல்ல மாநாடுகளும் இப்படிக் கேட்பதுண்டு. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். அதே சமயம், பணம் பறிப்பதற்கென்றே நடத்தப்படும் போலி மாநாடுகளும் இருக்கின்றன. நீங்கள் எழுதாத துறையில் உங்களை "சிறப்புப் பேச்சாளர்" என்று அழைக்கும் மின்னஞ்சல், ஒரே அரங்கில் ஒரே நாளில் தொடர்பில்லாத பத்துத் தலைப்புகள், அனுப்பிய மறுநாளே ஏற்பு: இவற்றைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். அத்தகைய அழைப்பைக் கொண்டு விண்ணப்பித்தால் பணத்தோடு உங்கள் விசா வரலாறும் கெடும். குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் பேராசிரியர் ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியில் எழுதிக் கேட்டாலே உண்மை தெரிந்துவிடும்.

சுற்றுலா விசாவா, பிசினஸ் விசாவா? எதைக் கேட்பது?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் மாநாட்டுக்கு பி-1 என்ற பிசினஸ் விசா. பிரிட்டனில் ஸ்டாண்டர்ட் விசிட்டர் என்ற ஒரே விசாவுக்குள் மாநாடும் அடக்கம். ஆஸ்திரேலியாவில் 600ஆம் பிரிவின் பிசினஸ் விசிட்டர் கிளை. சீனாவில் கல்விப் பரிமாற்றம் என்றால் எஃப், வர்த்தகம் என்றால் எம். இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டினருக்கு மாநாட்டுக்கென்றே தனி விசா இருக்கிறது. ஷெங்கன் படிவத்தில் பயண நோக்கம் என்ற கட்டத்தில், நீங்கள் விண்ணப்பிக்கும் தூதரகத்தின் ஆவணப் பட்டியல் மாநாட்டை எந்தத் தலைப்பில் வைத்திருக்கிறதோ அதையே குறியுங்கள்.

"சுற்றுலா என்று போட்டால் சுலபமாகக் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கைப்பையில் மாநாட்டு அழைப்பும் விண்ணப்பத்தில் சுற்றுலாவும் இருந்தால், விமான நிலையக் குடிவரவு அதிகாரியிடம் விளக்கம் சொல்லி நிற்பது நீங்கள்தான்.

மாநாடு ஒரு நாட்டில். அப்படியே பக்கத்து நாடுகளையும் பார்க்க ஆசை. எந்தத் தூதரகத்துக்குப் போவது?

ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். 2025 ஜனவரி 1 முதல் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. அயர்லாந்தும் சைப்ரஸும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. பிரிட்டனுக்குத் தனி விசா.

நாள் கணக்கிலோ நோக்கத்திலோ எது முதன்மையான நாடோ அதன் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அப்படி எதையும் பிரித்துச் சொல்ல முடியாதபோதுதான் முதலில் இறங்கும் நாடு. வியன்னாவில் நான்கு நாள் மாநாடு, பிறகு இத்தாலியில் எட்டு நாள் என்று திட்டம் போட்டால், ஆஸ்திரியத் தூதரகம் "நீங்கள் போக வேண்டியது இத்தாலியிடம்" என்று சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். முதல் பயணம் என்றால் மாநாட்டு நாட்டிலேயே பெரும்பாலான நாள்களை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டிலிருந்துதான் பொதுவாக விண்ணப்பிக்க முடியும். வேறு நாட்டில் படித்துக்கொண்டிருந்தால் அங்கேயே, வசிப்பு அனுமதி நகலுடன்.

கவரிங் லெட்டர் அவசியமா? எப்படி எழுதுவது?

பல நாடுகளில் கட்டாயமில்லை. ஆனாலும் எழுதுங்கள். கோப்பில் உள்ள எல்லாத் தாள்களையும் இணைத்துப் பேசும் ஒரே தாள் அதுதான். ஒரு பக்கம் போதும். "மாண்புமிகு தூதரகம் கருணையோடு பரிசீலித்து" என்ற வகைக் கெஞ்சல் வேண்டாம். உங்கள் நாட்டின் பெருமை, ஆய்வின் உலக முக்கியத்துவம் எதுவும் வேண்டாம். எந்த மொழியில் எழுதினாலும் சாரம் இப்படி இருக்கட்டும்:

"நான் நிலவியல் துறையில் மூன்றாம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வாளர். செப்டம்பர் 8 முதல் 11 வரை வியன்னாவில் நடக்கும் மாநாட்டில், வறண்ட நிலங்களின் நிலத்தடி நீர் பற்றிய என் கட்டுரையை 10ஆம் தேதி வாசிக்கிறேன். 7ஆம் தேதி வந்து சேர்ந்து, 12ஆம் தேதி நகரைப் பார்த்துவிட்டு, 13ஆம் தேதி திரும்புகிறேன். விமானச் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்கிறது (இணைப்பு 4). பதிவுக் கட்டணத்தை மாநாட்டுக் குழு தள்ளுபடி செய்துள்ளது (இணைப்பு 5). தங்குமிடமும் உணவும் என் செலவு (இணைப்பு 6). 20ஆம் தேதி பருவ வகுப்புகள் தொடங்குகின்றன. ஆய்வக வகுப்புக்கு நான் பொறுப்பு (இணைப்பு 7)."

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "நான் கட்டாயம் திரும்பி வருவேன்" என்று அவற்றில் எங்குமே இல்லை. திரும்ப வேண்டிய தேதியும் காரணமும் சான்றும் இருக்கின்றன. உறுதிமொழியைவிட அதற்குத்தான் மதிப்பு.

வங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே தொகை கிடையாது. ஷெங்கனுக்குள்ளேயே ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு நாடும் தனித்தனியே வைத்திருக்கிறது. தொகையைவிட அது எப்படி வந்தது என்பதைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். மாதாமாதம் ஒரே சீராகச் சம்பளம் வந்து, செலவு போக மிச்சம் நிற்கும் சிறிய கணக்கு, விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று பெருந்தொகை விழுந்த கணக்கைவிட நம்பகமானது. உறவினரிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவது பழைய யுக்தி. அதிகாரிகளுக்கும் அது பழகிய யுக்திதான். நியாயமான காரணத்தால் பெரிய தொகை வந்திருந்தால், வைப்பு நிதி முதிர்ந்தது என்றோ நிலம் விற்றது என்றோ, அதற்கான தாளையும் வையுங்கள்.

பயண நிதி கிடைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல நிதிகள் போய்வந்த பிறகு ரசீது காட்டினால்தான் பணம் தரும். அப்படியென்றால் பயணத்தின்போது செலவு உங்கள் கையிலிருந்துதான். நிதிக் கடிதம் மட்டும் போதாது. இடைக்காலத்தில் சமாளிக்கும் பணமும் கணக்கில் தெரிய வேண்டும். பெற்றோர் செலவு செய்கிறார்கள் என்றால் அவர்களது கடிதம், கணக்கு அறிக்கை, உறவைக் காட்டும் சான்று.

நான் மாணவர். சம்பளம் இல்லை, சொத்து இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. எனக்கு யார் விசா தருவார்கள்?

தருகிறார்கள், நிறையப் பேருக்குத் தருகிறார்கள். உங்களிடம் இல்லாதவற்றை எண்ணிக் கலங்காமல் இருப்பவற்றைத் தாளில் கொண்டு வாருங்கள். முடியாத பட்டப்படிப்பே நீங்கள் திரும்ப வருவதற்கான வலுவான காரணம். பதிவில் இருக்கிறீர்கள், இந்த ஆண்டு முடிய வேண்டியது இது, உதவித்தொகை இந்த மாதம் வரை உண்டு, திரும்பி வந்து இன்ன தேதியில் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும் என்று துறைத்தலைவரோ நெறியாளரோ விவரமாக எழுதித் தரட்டும். "இவர் நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்று இரண்டு வரி எழுதித் தரும் வழக்கமான சான்றிதழால் பயனில்லை. நெறியாளர்களும் தயவுசெய்து இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு மாணவரின் முதல் பயணம் அந்தப் பத்து நிமிடத்தில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

வேலையில் இருப்பவர்களுக்கு விடுப்பு ஒப்புதலும் தடையில்லாச் சான்றும். தனியாகத் தொழில் செய்பவர்களுக்குத் தொழில் பதிவு, வரிக் கணக்கு, கையில் உள்ள ஒப்பந்தங்கள்.

விமான டிக்கெட்டும் ஹோட்டலும் முதலிலேயே எடுத்துவிடலாமா?

பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்காதீர்கள். அமெரிக்கத் தூதரகங்களே அப்படித்தான் அறிவுறுத்துகின்றன. ஷெங்கனுக்கு முன்பதிவு காட்ட வேண்டும். ரத்து செய்யக்கூடிய முன்பதிவு போதும். முகவர்கள் உருவாக்கித் தரும் பொய் டிக்கெட், பொய் ஹோட்டல் சீட்டு பக்கமே போக வேண்டாம். தூதரகம் ஹோட்டலைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டால் அத்தோடு முடிந்தது.

இன்ஷூரன்ஸ்?

ஷெங்கனுக்குக் கட்டாயம். குறைந்தது 30,000 யூரோ காப்பு, ஷெங்கன் பகுதி முழுவதும், தங்கும் எல்லா நாளுக்கும். அவசரச் சிகிச்சையோடு, நோயாளியையோ உடலையோ சொந்த நாட்டுக்குக் கொண்டுவரும் செலவும் அடங்க வேண்டும். மற்ற நாடுகள் கேட்காவிட்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஓர் இரவு மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் தாங்காது.

கட்டணம் எவ்வளவு? விலக்கு உண்டா?

ஷெங்கன் 90 யூரோ (2024 ஜூன் முதல்), ஆறிலிருந்து பதினொரு வயது வரையிலான குழந்தைக்கு 45, அதற்குக் கீழே இலவசம். அமெரிக்க பி-1 விண்ணப்பத்துக்கு 185 டாலர். கனடாவுக்கு 100 கனடிய டாலரோடு பயோமெட்ரிக்குக்கு (விரல்ரேகை, புகைப்படப் பதிவு) 85. மறுத்தால் எதுவும் திரும்ப வராது. விண்ணப்ப மையங்களின் சேவைக் கட்டணம் தனி; அங்கே விற்கும் "பிரீமியம்" வசதிகளால் முடிவில் எந்த மாற்றமும் வராது.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஷெங்கன் விதியில் அறிவியல் ஆய்வுக்காகப் பயணிக்கும் ஆய்வாளர்களுக்குக் கட்டண விலக்கு இருக்கிறது. லாப நோக்கற்ற அமைப்புகள் நடத்தும் கருத்தரங்கு, மாநாடுகளுக்கு அத்தகைய அமைப்புகளின் பிரதிநிதிகளாகப் போகும், 25 வயதைத் தாண்டாதவர்களுக்கும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள்.

விரல்ரேகை ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டுமா?

ஷெங்கனுக்கு ஒருமுறை கொடுத்தால் 59 மாதம் பயன்படும். கனடாவுக்குப் பத்து ஆண்டு.

அமெரிக்க நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்?

சில நிமிடங்கள்தான். எதற்குப் போகிறீர்கள், என்ன வேலை, யார் செலவு, இதற்கு முன் எங்கே போயிருக்கிறீர்கள். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, ஒவ்வொரு விண்ணப்பதாரரும் அங்கேயே குடியேற வருபவர் என்றுதான் முதலில் கொள்ளப்படுகிறார். அப்படி இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. ஆவணங்களை அவர்கள் பார்க்காமலேயே முடிவு சொல்வதுமுண்டு. அதனால் வாயால் சொல்வதைத் தயார்செய்யுங்கள்.

ஆய்வைப் பற்றி இரண்டு வாக்கியம், உங்கள் அத்தையிடம் சொல்வது போல. "பல்லடுக்கு நரம்பியல் வலைப்பின்னலின் ஒழுங்குபடுத்தல்" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவருக்கு எதுவும் பிடிபடாது. "எக்ஸ்ரே படத்தில் காசநோயைக் கணினி கண்டுபிடிக்க உதவும் ஆய்வு, அதன் முடிவுகளை மாநாட்டில் சொல்லப் போகிறேன்" என்றால் போதும். மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.

அணுவியல், வேதியியல், வானூர்தி, செயற்கை நுண்ணறிவு போன்ற துறையினரின் கோப்புகள் சில சமயம் 221(ஜி) என்ற கூடுதல் பரிசீலனைக்குப் போகும். அது மறுப்பாகப் பதிவானாலும், பரிசீலனை முடிந்து விசா வரலாம். எப்போது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. தன்குறிப்பு, வெளியீட்டுப் பட்டியல், ஆய்வின் ஒரு பக்கச் சுருக்கம் மூன்றையும் கையோடு கொண்டுபோனால் கேட்டவுடன் கொடுத்துவிடலாம். அமெரிக்க விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்கிறது. விடாமல் எழுதுங்கள்.

முன்பு ஒருமுறை விசா மறுத்துவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டுமா?

கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். மறுக்கப்பட்டது பெரிய குறையல்ல; மறைத்தது தெரிந்தால் பெருங்குற்றம். நாடுகள் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. பொய் ஆவணமோ ஏமாற்றோ கண்டுபிடிக்கப்பட்டால் பிரிட்டன் பத்து ஆண்டு வரையும், கனடா ஐந்து ஆண்டும், ஆஸ்திரேலியா பொதுவாக மூன்று ஆண்டும் கதவை அடைத்துவிடும். முகவர் செய்த தில்லுமுல்லு என்றாலும் கையெழுத்து உங்களுடையது. யார் நிரப்பித் தந்தாலும் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் நீங்களே படியுங்கள்.

பேசுவதற்கு மதிப்பூதியம் தருகிறார்கள். வாங்கலாமா?

கவனம் தேவை. பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஈடுகட்டித் தருவது பொதுவாகச் சிக்கலில்லை. ஊதியம் வேறு. அமெரிக்காவில் பல்கலைக்கழகம் போன்ற கல்வி, ஆய்வு நிறுவனங்களில் ஓரிடத்தில் ஒன்பது நாளுக்கு மிகாமல், ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேல் போகாமல் இருந்தால் மதிப்பூதியம் பெறலாம். பிரிட்டனில் நிபுணராக அழைக்கப்பட்டவர் வந்து சேர்ந்த 30 நாளுக்குள் அந்தப் பணியை முடிக்க வேண்டும்; பயணத்துக்கு முன்பே அது ஏற்பாடாகியிருக்க வேண்டும். எதுவானாலும் விண்ணப்பத்தில் சொல்லிவிடுங்கள்.

கணவரையும் குழந்தையையும் அழைத்துப் போகலாமா?

போகலாம். ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம், அவர்களது நோக்கம் சுற்றுலா அல்லது உடன் செல்லுதல். மாநாட்டு அழைப்பு அவர்களுக்குப் பொருந்தாது. குழந்தை ஒரு பெற்றோருடன் மட்டும் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டியிருக்கும்.

விசா ஒட்டி வந்துவிட்டது. இனி கவலையில்லையே?

உறையைப் பிரித்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகளைப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே திருத்தக் கேளுங்கள். ஷெங்கன் விசாவில் செல்லுபடிக் காலம் வேறு, தங்கும் நாள்கள் வேறு. ஒரு மாதக் காலம் அச்சாகியிருந்தாலும் தங்கும் நாள் பத்து என்றிருந்தால் பத்துதான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். பலமுறை நுழையும் விசா கிடைத்தவர்களுக்கும் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாளே உச்ச வரம்பு. 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக நுழைவையும் வெளியேற்றத்தையும் மின்னணு முறையில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஒருநாள் கூடுதலாகத் தங்கினாலும் தானாகவே தெரியும்.

வழியில் விமானம் மாறும் நாட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்றும் பாருங்கள். அழைப்புக் கடிதம், ஹோட்டல் சீட்டு, திரும்பும் டிக்கெட், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றின் நகலும் கைப்பையில் இருக்கட்டும். நாட்டுக்குள் விடுவதா என்ற இறுதி முடிவு எல்லையில் நிற்கும் அதிகாரியுடையது.

மறுத்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

முதலில் ஒன்று: இது உங்கள் ஆய்வைப் பற்றிய தீர்ப்பல்ல. மறுப்பைப் படித்துவிட்டு ஆய்வையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு மனமுடைந்தவர்களைத் தெரியும். அந்தத் தாளில் உங்கள் அறிவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பிறகு காரணத்தைப் படியுங்கள். ஷெங்கன் மறுப்பு ஒரு பொதுப் படிவத்தில் வரும். பயண நோக்கம் நிறுவப்படவில்லை, பணம் போதவில்லை, தகவல் நம்பத்தக்கதாக இல்லை, வெளியேறும் எண்ணத்தில் ஐயம் என்று எதில் குறி விழுந்திருக்கிறதோ அதுதான் அடைக்க வேண்டிய ஓட்டை. மேல்முறையீட்டு உரிமை உண்டு. நடைமுறையும் காலக்கெடுவும் மறுத்த நாட்டின் சட்டப்படி, படிவத்திலேயே எழுதியிருக்கும். மாநாட்டுக்கு நாள் குறைவென்றால் குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே பெரும்பாலும் வேகமான வழி. பிரிட்டனில் விசிட்டர் விசா மறுப்புக்கு மேல்முறையீடு இல்லை. கடிதத்தில் சொன்ன காரணத்துக்கு நேரடிப் பதிலாக மறுவிண்ணப்பம் எழுதுங்கள். அமெரிக்காவிலும் மீண்டும் விண்ணப்பிக்கலாம். சூழ்நிலையில் மாற்றம் எதுவும் இல்லாமல் அடுத்த வாரமே போய் நின்றால் அதே பதில்தான். ஜப்பானில் மறுக்கப்பட்டால் அதே நோக்கத்துக்கு ஆறு மாதம் விண்ணப்பத்தை ஏற்பதில்லை, காரணமும் சொல்வதில்லை. அங்கே முதல் விண்ணப்பத்திலேயே குறையில்லாமல் போக வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் மறுக்கிறார்கள் என்றால் இது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான், பல நேரங்களில். கோப்பு சரியாக இருந்தும், பிறந்த நாட்டாலும் வயதாலும் மட்டுமே வாய்ப்பு குறைகிறது. மாநாட்டு உலகமும் இதை அறிந்தே இருக்கிறது. எச்ஐவி தொற்றுள்ளவர்கள் நுழைய அமெரிக்கா தடை வைத்திருந்ததால் 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பன்னாட்டு எய்ட்ஸ் மாநாட்டைப் பல அமைப்புகள் புறக்கணித்தன. பாஸ்டனில் நடக்கவேண்டிய 1992 மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது. தடை 2010இல் நீங்கிய பிறகுதான் அந்த மாநாடு 2012இல் வாஷிங்டனுக்கு வந்தது. 2018இல் மான்ட்ரியாலிலும் 2019இல் வான்கூவரிலும் நடந்த நியூரிப்ஸ் செயற்கை நுண்ணறிவு மாநாட்டுக்கு ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலருக்குக் கனடா விசா கிடைக்கவில்லை. ஐசிஎல்ஆர் என்ற இன்னொரு செயற்கை நுண்ணறிவு மாநாட்டை 2020இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடத்தத் திட்டமிட்டார்கள். கொரோனாவால் அது இணையவழிக்கு மாறியது. 2022 மான்ட்ரியால் எய்ட்ஸ் மாநாட்டிலும் விசா மறுப்பு பெரும் சர்ச்சையானது.

ஆகவே மறுப்பு வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் மாநாட்டுக் குழுவுக்குத் தெரிவியுங்கள். எத்தனை பேர் வர முடியவில்லை என்று அவர்கள் கணக்கு வைத்தால்தான் அடுத்த ஆண்டு எங்கே நடத்துவது என்ற பேச்சில் அது எடுபடும். மாநாடு நடத்துபவர்களும் ஏற்பு முடிவை மாநாட்டுக்கு நான்கைந்து மாதம் முன்னதாக அறிவித்து, அழைப்புக் கடிதத்தை ஒரு வாரத்துக்குள் அனுப்பினால், இந்தக் கேள்விகளில் பாதி எழவே எழாது.

விசா வராமல் போனால் என் கட்டுரையின் கதி?

ஏற்கப்பட்ட கட்டுரை ஏற்கப்பட்டதுதான். இணையவழியில் வாசிக்க அனுமதி கேளுங்கள். அது இல்லையென்றால் காணொளி, அதுவும் இல்லையென்றால் இணை ஆசிரியர் வாசிக்கலாம். யாராவது நேரில் வந்தால்தான் தொகுப்பில் சேர்ப்போம் என்ற விதி சில மாநாடுகளில் உண்டு. விசா மறுப்புக் கடிதத்தை இணைத்து எழுதினால் பெரும்பாலும் தளர்த்துவார்கள். பதிவுக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கவும் அதே கடிதம் உதவும். முடிவு வராமல் இழுத்துக்கொண்டே போனால், மாநாட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே குழுவுக்கு நிலைமையைச் சொல்லிவிடுங்கள். உங்கள் அமர்வைக் கடைசி நாளுக்கு நகர்த்த அவர்களுக்கு அப்போதுதான் இடமிருக்கும்.